கட்டாமல் விட்ட மூன்று தவணைகளின் விலை

பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜிஎஸ்டி, வருமான வரி, பிஎஃப் என்று கேட்டு வருபவர்கள்தான் எப்போதும் அதிகம். 2025 செப்டம்பரிலிருந்து வீட்டுக் கடன் பற்றிய கேள்விகள் வர ஆரம்பித்தன. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50% வரி என்று ஆனதும், அந்த நாட்டு ஆர்டரை மட்டும் நம்பி ஓடிய திருப்பூர் யூனிட்களில் முதலில் ஓவர்டைம் நின்றது, அப்புறம் ஷிப்ட் குறைந்தது. இங்கே ஓவர்டைம் என்பது உபரிப் பணம் இல்லை. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் வீட்டுத் தவணையை முடிவு செய்திருப்பார்கள். ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தில் கட்டிய வீட்டுக்கு ஒரு ஷிப்ட் சம்பளத்தில் தவணை கட்ட முடியாது.

"கொரோனா சமயத்துல மூணு மாசம் கட்ட வேண்டாம்னு சொன்னாங்களேங்க அக்கா, இப்ப அந்த மாதிரி கேக்க முடியுங்களா?" இதுதான் எல்லோரும் கேட்டது.

உரிமையாகக் கேட்க முடியாது. வேண்டுகோளாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன், 2020-ல் அந்த மூன்று மாதம் உண்மையில் எவ்வளவு விலைக்கு வந்தது என்று தெரிந்துகொள்வது அவசியம். அது பலருக்கு இன்னும் தெரியாது. அவர்களுடைய கடன் ஸ்டேட்மென்டில் எல்லாம் இருக்கிறது, யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி ஒரு அனுமதி கொடுத்தது. மார்ச் 1 முதல் மே 31 வரை வரவேண்டிய தவணைகளை வங்கிகள் மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்றது. மே 22-ல் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அனுமதி என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதைத் தள்ளுபடி என்றே எடுத்துக்கொண்டார்கள். தவணைதான் நின்றது, வட்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. அந்த வட்டி அசலோடு சேர்ந்தது. சில வங்கிகள் எஸ்எம்எஸ்ஸில் சம்மதம் கேட்டன. சில வங்கிகள் கேட்காமலே எல்லோருக்கும் நிறுத்திவிட்டு, வேண்டாம் என்பவர்கள் சொல்லுங்கள் என்றன. ஊரே முடங்கிக் கிடந்த நேரத்தில் வந்த அந்தக் குறுஞ்செய்தியை எத்தனை பேர் முழுதாகப் படித்திருப்பார்கள்?

எங்கள் வீட்டில் படித்தோம். என் கணவர் பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட். மார்ச் மாதமே ஐரோப்பிய ஆர்டர்கள் நின்றுபோயின. வெட்டி வைத்த துணி கட்டு கட்டாகக் கிடந்தது. ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் யூனிட் மாடி அறையிலேயே தங்கியிருந்தார்கள், ஊருக்குப் போக ரயில் இல்லை. பேங்கில் இருந்த பணம் ஒரு தவணைக்குச் சரியாக இருந்தது. அந்தப் பணத்தை வீட்டுக் கடனுக்குக் கட்டினால் பையன்களுக்கு அரிசியும் சிலிண்டரும் வாங்க வேறு வழி இல்லை. என் மாமனாருக்குத் தவணை தள்ளுவதில் மனசே இல்லை. "கடன்காரனுக்கு லீவு விடலாம் சாமி, கடனுக்கு லீவு விட முடியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அது தெரிந்துதான் நாங்கள் முதல் மூன்று மாதத்தை எடுத்துக்கொண்டோம். கையில் ரொக்கம் இருப்பது அன்றைக்கு வட்டியைவிட முக்கியமாக இருந்தது. மே மாதம் தளர்வு வந்து, முகக்கவசம் தைக்கும் வேலை கொஞ்சம் கிடைத்ததும் இரண்டாவது மூன்று மாதத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். எங்கள் கடனை விடுங்கள், எல்லோரும் சுலபமாகப் போட்டுப் பார்க்க 30 லட்ச ரூபாய்க் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போகிறது, அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டும். கடன் வாங்கிய புதிதில் மூன்று மாதம் கட்டாமல் விட்டால், அந்த மூன்று மாத வட்டி 64,203 ரூபாய் அசலோடு சேர்கிறது. பாக்கி 30,64,203 ரூபாய். இதுவரை யாருக்கும் குழப்பம் இல்லை. "சரி, அறுபத்தி நாலாயிரம் கூடுதல், பரவாயில்லை" என்றுதான் தோன்றும்.

அதற்குப் பிறகு வங்கி என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தவணைத் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு, கடன் முடியும் தேதியைப் பின்னால் தள்ளினால், 240 தவணைக்குப் பதில் 254 தவணை கட்ட வேண்டும். மூன்று தவணை தள்ளியதற்குப் பதினாலு தவணை கூடுகிறது. ரூபாயில் சொன்னால் ஏறக்குறைய 3 லட்சத்து 68 ஆயிரம். அதே பாக்கியை அதே 240 மாதத்துக்குள் முடிக்கும்படி தவணையைக் கூட்டினால், மாதத்துக்கு 557 ரூபாய்தான் கூடுகிறது. மொத்தக் கூடுதல் செலவு 1 லட்சத்து 34 ஆயிரத்துக்குள் நின்றுவிடுகிறது. வேலை திரும்பக் கிடைத்ததும் அந்த 64,203 ரூபாயை ஒரே மூச்சில் கட்டிவிட்டால், செலவு அந்த 64,203 ரூபாயோடு முடிந்தது.

ஒரே மூன்று மாத ஓய்வுதான். 3.68 லட்சமா, 1.34 லட்சமா, 64 ஆயிரமா என்பது ஓய்வு முடிந்த பிறகு எடுக்கும் முடிவைப் பொறுத்தது. அந்த முடிவைப் பெரும்பாலான இடங்களில் கடன் வாங்கியவர் எடுக்கவில்லை, வங்கியின் கம்ப்யூட்டர் எடுத்தது. தவணைத் தொகை மாறாததால் யாரும் கவனிக்கவும் இல்லை. தள்ளிப்போனது இருபது வருடத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு தேதி, அதை யார் பார்ப்பார்கள்?

நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். பாரத ஸ்டேட் வங்கியே 2020-ல் ஒரு உதாரணம் வெளியிட்டது. 30 லட்சம் கடன், இன்னும் 15 வருடம் பாக்கி என்றால், மூன்று மாதம் தள்ளுவதால் கூடுதல் வட்டி சுமார் 2.34 லட்சம், அதாவது 8 தவணைக்குச் சமம் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

இன்னொன்று, கடனின் வயது. மேலே சொன்ன அதே கடனில் பதினைந்து வருடம் கட்டி முடித்து, இன்னும் 60 தவணை பாக்கி இருக்கும்போது மூன்று மாதம் நிறுத்தினால் என்ன ஆகும்? அப்போது பாக்கி 12.69 லட்சம், மாத வட்டி 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டினால்கூடக் கூடுதல் செலவு ஏறத்தாழ 42,000 ரூபாய்தான். புதுக் கடனில் 3.68 லட்சம், பழைய கடனில் 42 ஆயிரம். தவணையைத் தள்ளும் அவசரம் அதிகம் வருவது கடன் புதிதாக இருக்கும்போதுதான். அப்போதுதான் சேமிப்பெல்லாம் வீட்டுக்குள் போயிருக்கும், நகை அடமானத்தில் இருக்கும், கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய கைமாற்றே தீர்ந்திருக்காது. மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் இது மிகவும் விலை கூடியதாக இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை வங்கிக் கவுன்ட்டரில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

நீதிமன்ற வழக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். "வட்டிக்கு வட்டி தள்ளுபடின்னு தீர்ப்பு வந்துச்சே?" வந்தது. ஆக்ராவைச் சேர்ந்த ஒருவர் தொடங்கி வைத்த வழக்கு, பல தொழில் அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. நடுவில், 2020 அக்டோபரில், 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு ஆறு மாதக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய அரசே தருவதாகச் சொன்னது. தவணையைத் தள்ளாமல் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் கொடுத்தார்கள். 2021 மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம், எவ்வளவு பெரிய கடனாக இருந்தாலும் அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது, வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும் என்றது. வட்டியையே முழுதாகத் தள்ளுபடி செய்யக் கேட்டதை மறுத்துவிட்டது. நம் 30 லட்சம் கடனுக்கு, 8.5%-ல், ஆறு மாதத்துக்கு அந்த வட்டிக்கு வட்டி எவ்வளவு தெரியுமா? 2,279 ரூபாய். நாடே ஒரு வருடம் பேசியது இந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தைப் பற்றி. காலம் நீண்டதால் கூடிய லட்சங்களைப் பற்றி எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் நான் கேட்கவில்லை.

சரி, இத்தனை விலை என்றால் எடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் யூனிட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருக்கிறார். தம்பி மாதிரி, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேலை சுத்தம், கத்தரிக்கோலைக் கையில் வாங்கினால் துணி ஒரு நூல் பிசகாது. பல்லடம் ரோட்டில் ஒரு மனை வாங்கி, இரண்டு அறை வீடு கட்டி, ஒரு வங்கியில் கடன். அவர் கம்பெனியில் ஷிப்ட் குறைந்த இரண்டாவது மாதம் தவணை பவுன்ஸ் ஆனது. மனைவிக்கே சொல்லவில்லை. அடுத்த தவணை பவுன்ஸ் ஆகக் கூடாது என்று, நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கிக் கட்டியிருக்கிறார். அதற்கடுத்த மாதமும் அதையே செய்திருக்கிறார். "பேங்க்ல போய்க் கேக்கக் கூச்சமா இருந்துச்சுக்கா. வீட்டுக்கு ஆள் அனுப்பீட்டாங்கன்னா தெருவுல தலை காட்ட முடியாது" என்றார்.

நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 36%. வங்கித் தவணையைக் கட்டாமல் இருந்தால் ஏறக்கூடிய வட்டி 8 சொச்சம் சதவீதம். 8% கடனைக் காப்பாற்ற 36% கடன் வாங்குவது திருப்பூரில் அன்றாடம் நடக்கிறது, ஏனென்றால் ஃபைனான்ஸ்காரர் காகிதம் கேட்பதில்லை, காரணம் கேட்பதில்லை, இரவு ஏழு மணிக்குக்கூடப் பணம் தருவார். மானத்துக்குப் பயந்து அங்கே போகிறவர்கள், கடைசியில் அங்கேதான் மானத்தை இழக்கிறார்கள். வேலை நிச்சயமாகத் திரும்பும் என்ற நிலையில் இருப்பவருக்கு வங்கியிடம் கிடைக்கும் இரண்டு மூன்று மாத அவகாசத்தைவிட மலிவான கடன் வேறு எங்கும் கிடைக்காது. அதனால்தான் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதில்லை. விலை தெரிந்து எடுங்கள், எடுத்த பிறகு காலத்தை நீட்ட விடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

கட்டிங் மாஸ்டரை உட்காரவைத்து அவர் கடன் ஸ்டேட்மென்டை போனில் இறக்கச் சொன்னேன். முதலில் பார்த்தது பவுன்ஸ் வரிகளை. தவணை திரும்பிய அன்று கடன் கொடுத்த வங்கி ஒரு கட்டணம் போட்டிருந்தது, அதன் மேல் ஜிஎஸ்டி. அவர் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி தனியாக ஒரு கட்டணம், அதன் மேலும் ஜிஎஸ்டி. ஒரே பவுன்ஸுக்கு இரண்டு இடத்தில் அடி. தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க நாம் கொடுத்த மேண்டேட் (அனுமதி) பணம் இல்லாமல் திரும்பினால், பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம் 2007-ன் 25-ஆம் பிரிவில் செக் பவுன்ஸ் போலவே வழக்குப் போட இடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பணம் இல்லாதபோது மேண்டேட்டை ஓட விட்டுவிட்டு வாய்மூடி இருப்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. தேதிக்கு முன்பே போய்ச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பார்த்தது வட்டி விகிதத்தை. அங்கேதான் நல்ல செய்தி இருந்தது. 2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என்று நான்கு முறை குறைத்தது. 6.50%-ல் தொடங்கி 5.25%-ல் வந்து நின்றது. ரெப்போவோடு இணைத்த வீட்டுக் கடன்களில் வட்டியும் அதற்கேற்ப இறங்கியிருக்கும். ஆனால் இவர் தவணை ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. வங்கி தவணையை அப்படியே வைத்துவிட்டுக் கடன் காலத்தைக் குறைத்திருந்தது. நல்ல நாட்களில் அதுதான் சரி, நானும் அதையே சொல்வேன். கை வறண்ட நாளில் அது உதவாது. காலத்தைப் பழையபடி வைத்துவிட்டுத் தவணையைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்கலாம். நம் 30 லட்சம் உதாரணத்தில் 8.5% இருந்தது 7.25% ஆனால் தவணை 26,035-லிருந்து 23,711 ரூபாய்க்கு இறங்கும். மாதம் 2,324 ரூபாய். இதற்கு யாரிடமும் அவகாசம் கேட்க வேண்டியதில்லை, நம் கடன் வரலாற்றைக் குறித்து வைக்கும் சிபிலில் எந்தக் கறையும் விழாது, வட்டி குறைந்ததன் பலனை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். தவணையா காலமா என்பதில் கடன் வாங்கியவருக்குத் தேர்வு கொடுக்க வேண்டும் என்று, வட்டி ஏறும் சமயத்தை மனதில் வைத்து, 2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. வட்டி இறங்கும்போதும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஷிப்ட் திரும்பியதும் தவணையைப் பழைய தொகைக்கே ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கடன் சீக்கிரம் முடியும் லாபம் போய்விடும்.

மூன்று ரூபாய் வட்டிக் கடனுக்கு, அவர் மனைவியின் வளையலை வங்கியில் வைத்து அன்றே தீர்க்கச் சொன்னேன். வங்கி நகைக் கடன் பெரும்பாலும் ஒரு ரூபாய் வட்டிக்கு உள்ளேயே முடியும். அதற்கு அவர் மனைவியிடம் பேச வேண்டியிருந்தது, பேசினார். அந்தப் பெண் கோபப்பட்டது நகைக்காக இல்லை. "இத்தன நாளா ராத்திரி தூங்காம உருண்டுட்டுக் கெடந்தது இதுக்குத்தானா, எங்கிட்டச் சொன்னா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?" என்று கேட்டதாம்.

பிறகு கிளைக்குப் போனோம். மேலாளர் மரியாதையாகவே பேசினார். மூன்று மாதத் தவணை விடுப்பு என்றதும் கையை விரித்தார். "2020-ல மேல இருந்து உத்தரவு இருந்ததுங்க மேடம், இப்ப நானாக் குடுக்க முடியாது." அவர் சாக்குச் சொல்லவில்லை. அன்றைக்குத் தவணை தள்ளியதை மறுசீரமைப்பாக, அதாவது கட்ட முடியாதவருக்காகக் கடனை மாற்றி அமைத்ததாக, கருத வேண்டாம், கடன் தகுதியைக் கெடுக்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சேர்த்தே சொல்லியிருந்தது. 2020 ஆகஸ்டிலும் 2021 மே மாதத்திலும் வந்த இரண்டு மறுசீரமைப்புத் திட்டங்களிலும் இரண்டு வருடம் வரை அவகாசம் தர இடம் இருந்தது, அவற்றின் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. இப்போதைய வழக்கமான விதிப்படி, கடன் வாங்கியவர் கஷ்டத்தில் இருக்கிறார் என்று ஒரு வங்கி தவணையை மாற்றி அமைத்தால், அந்தக் கணக்கை வாராக்கடன் வரிசையில் சேர்க்க வேண்டியிருக்கும். எந்த மேலாளர் தானாக முன்வந்து தன் கிளையின் வாராக்கடனைக் கூட்டிக்கொள்வார்? நம்மைப் பார்த்துக் கையை விரிக்கும் அவருக்குப் பின்னால் இந்த விதி நிற்கிறது என்று தெரிந்தால், அவரிடம் கோபப்படாமல் அவரால் முடிந்ததைக் கேட்க முடியும்.

முடிந்தது என்னென்ன? தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்குப் பக்கத்தில் மாற்றுவது. வட்டி குறைந்ததற்கேற்பத் தவணையைக் குறைப்பது. முன்பு எப்போதாவது கூடுதலாக அசல் கட்டியிருந்தால் அதைக் கணக்கில் எடுத்துத் தவணையைத் திருத்துவது. மேலதிகப் பணம் போட்டு எடுக்கும் ஓவர்டிராஃப்ட் வகைக் கடனாக இருந்தால், போட்டு வைத்திருக்கும் பணத்திலிருந்தே சில மாதம் ஓட்டுவது. மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டுகிறேன் என்று கேட்பவர்களும் உண்டு. அது கடனின் வயதைப் பொறுத்தது. புதுக் கடனில் 26,035-க்குப் பதில் 21,250, பெரிய நிம்மதி ஒன்றும் இல்லை. கடைசி ஐந்து வருடத்தில் 26,035-க்குப் பதில் 9,000, அது உயிர்மூச்சு. ஆனால் இதுவும் விதிப்படி மறுசீரமைப்பில் வந்துவிடலாம், ஆகவே எழுத்தில் பதில் வாங்காமல் நிறுத்த வேண்டாம்.

எல்லாவற்றையும் கடிதமாகக் கொடுத்து, நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கினோம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வாய்ப்பேச்சில் "பார்த்துக்கலாங்க" என்று சொன்ன மேலாளர் மாற்றலாகிப் போய்விடுவார். முத்திரை போட்ட காகிதம் நம்மிடம் இருக்கும். புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் அல்லது பதில் சரியில்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். அங்கேயும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

தவணை விடுபட்டுவிட்டால் என்ன வரிசையில் நடக்கும் என்று தெரியாததால்தான் பயம் பெரிதாகிறது. 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று படிகளில் கணக்கைக் குறித்துக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு படியும் சிபில் பதிவில் எத்தனை நாள் தாமதம் என்று ஏறும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதற்குப் பிறகும், வங்கிகள் அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ள வழி செய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துத்தான் வீட்டின் மேல் கை வைக்க முடியும். ஒரு தவணை பவுன்ஸ் ஆன மறுநாள் வீட்டுக்குப் பூட்டுப் போட யாராலும் முடியாது. வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் எழுதியே வைத்திருக்கிறது. இதைச் சொன்னபோது கட்டிங் மாஸ்டர் முகத்தில் வந்த தெளிவு, தவணை குறைந்ததால் வந்ததைவிடப் பெரிது.

காலம் நீளும்போது இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். கடனோடு சேர்த்துக் கொடுத்த காப்பீடு பழைய முடிவுத் தேதியோடு நின்றுவிடும், நீண்டுபோன மாதங்களுக்குப் பாதுகாப்பு இருக்காது. வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, ஓய்வு வயது வரம்பு குறுக்கே வருவதால் காலத்தை நீட்டவே முடியாமல் தவணை ஏறும்.

இதையெல்லாம் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், தெரியாதவர்கள் மூன்று ரூபாய் வட்டிக்குப் போகிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிரிட்டனில் வட்டி ஏறிய சமயத்தில், 2023 ஜூனில், அரசும் பெரிய வங்கிகளும் சேர்ந்து ஒரு உடன்பாடு செய்தன. அதுவரை ஒழுங்காகக் கட்டி வந்தவர் கேட்டால், ஆறு மாதம் வட்டி மட்டும் கட்ட விடவேண்டும், அல்லது காலத்தை நீட்டிவிட்டு ஆறு மாதத்துக்குள் பழையபடி மாற்றிக்கொள்ள விடவேண்டும். புதிதாக வருமானச் சோதனை கிடையாது, கடன் மதிப்பெண்ணும் பாதிக்காது. அங்கே மேலாளரின் மனசை நம்பி யாரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

நமக்கு முன்மாதிரி தேடி அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2025 நவம்பர் 14 அன்று ரிசர்வ் வங்கி, அமெரிக்க வரியால் பாதிக்கப்பட்ட துறைகளில் ஏற்றுமதிக் கடன் வைத்திருந்தவர்களுக்கு, செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான தவணைகளைத் தள்ளிவைக்க வழி செய்தது. தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது. சேர்ந்த வட்டியைத் தனிக் கடனாகப் பிரித்து, பிறகு கட்டிக்கொள்ளலாம். 2020-ல் செய்யத் தவறிய இரண்டையும் இதில் சரி செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஏற்றுமதியாளருக்கு ஜாப் ஒர்க் தைத்தவருக்கும், வெட்டியவருக்கும், செக்கிங் பெண்களுக்கும் இருக்கிற வீட்டுக் கடன் இதில் வராது. ஒரே ஆர்டர் நின்றதால்தான் எல்லோருக்கும் வருமானம் நின்றது.

ஒவ்வொரு வீட்டுக் கடன் ஒப்பந்தத்திலும் ஒரு பிரிவு இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இரண்டு வருடம் தவறாமல் கட்டியவர், கடன் காலம் முழுவதிலும் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் தவணையை நிறுத்தலாம். வட்டி தனி வட்டியாக, தனிக் கணக்கில் நிற்கும், அசலில் சேராது. திரும்ப வேலை தொடங்கியதும் அதை 24 மாதத்தில் தவணையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். நம் 30 லட்சம் கடனுக்கு அந்த மூன்று மாதத் தனி வட்டி 63,750 ரூபாய், 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,656 ரூபாய். கடன் முடியும் தேதி மூன்றே மாதம் தள்ளிப்போகும், பதினாலு தவணை கூடாது. வங்கிக்கு அசலும் வட்டியும் முழுதாக வந்துவிடும், வட்டிக்கு வட்டி மட்டும்தான் கிடைக்காது, அந்தக் கணக்கை வாராக்கடன் என்று எழுத வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி ஒரு வரி சேர்த்தால் போதும்.